யார் கவிழ்த்தது?

சிஞ்ஞோராவின் வீட்டில் எதுவும் தானாக உடைந்ததில்லை.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, அவருடைய கை நடுங்கி நீலப் பூப்போட்ட தட்டு ஒன்று குசினி நிலத்தில் விழுந்து சிதறியது. ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்தேன். வயதானவர், மனம் நோகக்கூடாது என்று, "பரவாயில்லை சிஞ்ஞோரா, உடைஞ்சிட்டுது, வேற தட்டு எடுப்பம்" என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உடையேல்லை. நான் உடைச்சனான். தட்டுக்கு ஏன் பழி போடுறியள்?"

இதையெல்லாம் அவர் இத்தாலிய மொழியில்தான் சொன்னார்; 'சிஞ்ஞோரா' என்பதும் அந்த மொழியில் 'அம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுவதுதான். ஆனால் அவர் பேசியவை எல்லாம் எங்கள் மன்னார்ப் பேச்சாகவே என் நினைவில் இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் வேலை செய்த வீடுகளில் எல்லோரும் என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டார்கள். இவர் கடைசி வரைக்கும் 'நீங்கள்' என்றார். கோபத்திலும் 'நீங்கள்'தான். அதனால் அவருடைய கோபம் கூடுதலாகச் சுட்டது.

சிசிலித் தீவில், பலெர்மோ நகருக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில், பழைய பிரபு வீடொன்றைப் பிரித்துக் கட்டிய குடியிருப்பில், கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். நான் காலையில் பலெர்மோவிலிருந்து ரயிலில் போவேன். அவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். என்ன வரலாறு என்று கேட்டபோது முதலில் எனக்கு விளங்கவில்லை. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் போன பிறகு புதிதாகக் கொடி ஏற்றிய அரபு நாடுகள். அந்தக் கொடி வெயிலில் நிறம் மங்கும் முன்பே அங்கே ஆட்சியைப் பிடித்த இராணுவ அதிகாரிகள். அந்த அதிகாரிகளோடு தூதரகங்களின் பின்னறைகளில் இருந்து கதைத்த வெளிநாட்டு ஆட்கள். அவர் எழுதிய புத்தகங்கள் எல்லாம் அந்தப் பின்னறைகளைப் பற்றியவை.

"எல்லாப் பாடப் புத்தகத்திலயும் ஒரே வசனம்தான்" என்பார். "'அந்த வருசம் அரசு கவிழ்ந்தது.' பழம் விழுந்த மாதிரி. மழை பெய்த மாதிரி. ஒரு அரசு எப்பிடித் தானாக் கவிழும்?"

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன், தமிழில் இதற்கு ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்று. கவிழ்ந்தது என்றால் தானாக நடந்தது. கவிழ்த்தது என்றால் ஒருவன் செய்தது. 'ந்' போய் 'த்' வரும், அவ்வளவுதான். அவர் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். ழகரம் அவர் வாயில் வரவேயில்லை. 'கவிலுந்து, கவிலுத்து' என்று சின்னப்பிள்ளை போல நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இளவயதில் அரபு படிக்க டமாஸ்கஸுக்குப் போனவர். அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரர் முன்பு பத்திரிகை நடத்தியவராம். சுதந்திரம் கிடைத்த கையோடு நடந்த ஆட்சி மாற்றம் ஒன்றில் அவரைப் பிடித்துக்கொண்டு போய், பல்லெல்லாம் உடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை. அவருடைய மனைவியிடம் சிஞ்ஞோரா, "ஏன் அப்பிடி நடந்தது?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கோப்பி ஊற்றிக்கொண்டே, "அது அப்பிடித்தான் மகள், அந்தக் காலம் அப்பிடி" என்றாராம்.

"அந்தக் காலத்துக்குக் கை இருந்ததோ, பல்லை உடைக்க?" என்று என்னிடம் கேட்டார் சிஞ்ஞோரா. ஏதோ நான்தான் அந்தக் கோப்பியை ஊற்றியவள் போல. "அந்தக் கேள்வியோடைதான் நான் ஊருக்குத் திரும்பினனான். அதுக்குப் பிறகு வேற வேலை செய்யேல்லை."

லண்டனிலும் வாஷிங்டனிலும் ரோமிலும் ஆவணக் காப்பகங்களில் வருடக்கணக்காக இருந்து தேடியிருக்கிறார். வரவேற்பறையில் கண்ணாடி போட்ட பெரிய சட்டம் ஒன்று தொங்கியது. அதில் காப்பகம் ஒன்று கொடுத்த பழைய கடிதத்தின் பிரதி. முழுக்கக் கறுப்பு மை. மேலே ஒரு வணக்கம், கீழே 'அன்புடன்' என்று ஒரு சொல், இடையில் இருந்த எல்லாவற்றையும் மறைத்துத்தான் கேட்டவர்களுக்குக் கொடுப்பார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை நவீன ஓவியம் என்று நினைத்து, வரைந்தவர் யார் என்று கேட்பார்கள்.

"அதைத்தான் நானும் தேடுறன்" என்பார் சிஞ்ஞோரா. "மையைப் பூசின ஆளுக்கும் ஒரு மேசை இருந்திருக்கும். ஒரு பேர் இருந்திருக்கும்."

இதைக் கேட்டுவிட்டு அவரை, எதற்கெடுத்தாலும் சதி சதி என்று புலம்பும் ஆள் என்று நினைக்கக்கூடாது. அப்படி நினைத்து ஒருவர் நன்றாக வாங்கிக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பலெர்மோவில் வியா மக்வேதா என்ற தெருவில் மசாலாவும் பேரீச்சம்பழமும் விற்கிற துனிசியாக்காரர் ஒருவர். சிஞ்ஞோரா கடைக்கு வந்தால் எழுந்து நின்று அரபில் வரவேற்பார். ஒருநாள் இருவரும் அரபில் நல்லாய்க் கதைத்துக்கொண்டு நின்றார்கள். திடீரென்று சிஞ்ஞோராவின் சத்தம் கூடியது. கைத்தடியால் நிலத்தில் குத்தினார். கடைக்காரர் முகம் சுருங்கிப் போனார். வெளியே வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எங்கட நாடுகளிலை நடக்கிற எல்லாம் அவங்கட வேலைதான் எண்டு சொல்லுறார். எவங்கட எண்டு கேட்டன். அவங்கதான் எண்டார். எந்தக் கந்தோர், எந்த மேசை, எந்த ஆள், எந்த நாள், ஆர் கண்டது? ஒண்டும் தெரியாது. 'அவங்கள்' எண்டதும் கறுப்பு மைதான். உள்ளூரிலை கதவைத் திறந்து விட்ட ஆக்கள் எல்லாரும் அதுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொள்ளலாம்."

அடுத்த கிழமையும் அதே கடைக்குத்தான் போனோம். அவர் அப்போதும் எழுந்துதான் நின்றார்.

இந்தப் பிடிவாதத்துக்கு அவர் ஒரு விலை கொடுத்திருந்தார். அதை அவர் மறைக்கவில்லை. முதல் புத்தகத்தில், ஒரு தூதரகத்துக்கும் இராணுவ முகாமுக்கும் இடையில் செய்தி கொண்டு போனவர் என்று ஒருவரைப் பெயர் சொல்லி எழுதிவிட்டார். பல வருடங்கள் கழித்துத் திறந்த வேறு கோப்பொன்றில் உண்மை தெரிந்தது. அது அதே குடும்பப் பெயர் கொண்ட வேறு ஆள். அதற்குள் முதலாமவர் இறந்து போயிருந்தார். மகள் பிரான்ஸில் மார்செய்யில் இருப்பதாகக் கேள்விப்பட்டு சிஞ்ஞோரா கப்பலேறிப் போனார். அந்த மகள் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே இவர் தன் பிழையைச் சொல்லியிருக்கிறார். அடுத்த பதிப்பின் முதல் பக்கத்திலேயே அதை அச்சடித்தும் இருக்கிறார்.

"அவ மன்னிச்சவவோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மன்னிப்புக் கேக்க நான் போகேல்லை. அவவின்ர அப்பாவின்ர பேரைக் கெடுத்தது நான் எண்டு அவவுக்கு முன்னாலை சொல்லப் போனனான். மிச்சம் அவவின்ர விருப்பம்."

என்னிடமும் அவர் ஒருநாள் கை வைத்தார். என் கைப்பையில் தம்பியின் படம் ஒன்று எப்போதும் இருக்கும். ரயில் சீட்டை எடுக்கும்போது அது கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்துத் தந்தார். யார் என்று கேட்டார்.

"தம்பி. சண்டை முடிஞ்ச நேரம் துலைஞ்சு போனான்."

"துலைஞ்சு போனவரோ? ஆர் துலைச்சது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. இது என்ன, அவருடைய டமாஸ்கஸா? இறுக்கிக் கட்டி வைத்திருக்கிற ஒன்றை இந்தக் கிழவி ஏன் அவிழ்க்கிறார்? ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அன்று பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் சிஞ்ஞோரா. நாங்கள் இருந்தது நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை. முகம் சாம்பலாகி, மூச்சு வாங்க, ஒரு கையில் தடி, மறு கையில் சியாகுல்லி மண்டரின் பழம் ஒரு பை.

தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்தார்.

"காப்பகத்திலை கோப்புக் கேக்கிற மாதிரி உங்களிட்டைக் கேட்டுப் போட்டன். கேட்ட விதம் பிழை. அது என்ர பிழை" என்றார். பிறகு, "ஆனா கேள்வியை நான் திருப்பி எடுக்க மாட்டன்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக முழுசாக வாய்விட்டுச் சொன்னேன். தம்பி தொலையவில்லை. சீருடை போட்டவர்கள் பெயர் கேட்டு, பேருந்தில் ஏற்றினார்கள். அம்மா பக்கத்தில் நின்று கண்டவ. பேருந்தின் நிறம், முன்னாலிருந்தவனின் முகம், அவன் சொன்ன வார்த்தை, எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். இன்றைக்கும் மன்னாரில் மற்ற அம்மாக்களோடு போராட்டத்தில், வெயிலுக்குள் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறா. நாங்கள் பிள்ளைகள்தான் 'துலைஞ்சு போனான்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

அந்தக் கார்த்திகை மாதம் தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களுக்காகவும் காணாமல் போனவர்களுக்காகவும் மன்றாட்டு வாசித்தார்கள். ஒவ்வொரு வருடமும் நான்தான் வாசிப்பவள். இந்த முறை, "காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும், அவர்களைக் கொண்டு போனவர்கள் உண்மையைச் சொல்லவேண்டும் என்றும் மன்றாடுவோமாக" என்று வாசித்தேன். பூசை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இருக்கிற அண்ணை ஒருவர் வந்தார்.

"தங்கச்சி, கோயிலுக்குள்ள ஏன் இந்தக் கதை? ஊருக்குப் போய் வாற ஆக்கள் நாங்கள்."

"நானும் போய் வாறவள்தான் அண்ணை. நான் வாசிச்சதிலை பொய் ஏதும் இருந்ததோ?"

அவர் திரும்பிப் படியிறங்கிப் போனார். வீட்டில் கணவரும் முதலில் பயந்தார். பிறகு, "நீ வாசிக்கேக்கை பின் வரிசை வாங்கிலை ரெண்டு பேர் விம்மினவை" என்று மட்டும் சொன்னார்.

சிஞ்ஞோராவுக்கு விருது கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது இதற்குப் பிறகுதான். பலெர்மோவில் பழைய மாளிகை ஒன்றில் இயங்கும் பண்பாட்டு நிறுவனம் ஒன்று. அதன் இயக்குநர் ஒரு காலத்தில் இவருடைய மாணவர். மென்மையான மனிதர், இவரை இன்னமும் 'புரொஃபெசொரேஸா', பேராசிரியை, என்றே கூப்பிடுபவர். இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். பதக்கம் மட்டுமல்ல, இவருடைய புத்தகங்களையும் பிரதிகளையும் வைக்க ஒரு அறை, வாசலில் இவர் பெயர். சிஞ்ஞோராவின் கண்கள் ஒளிர்ந்தன. பிள்ளைகள் இல்லாத அவருக்கு, தான் போன பிறகு அந்தப் பெட்டிகளுக்கு என்ன நடக்கும் என்ற கவலை இருந்தது எனக்குத் தெரியும். அவர் வாசிக்கப்போகும் உரையைச் சிறு நூலாக அச்சடித்துக் கொடுப்பதாகவும் இயக்குநர் சொன்னார். கோப்பி குடித்து முடியும் நேரம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு இடம் மட்டும், புரொஃபெசொரேஸா. 'வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் சிலர், உள்ளூர் அதிகாரிகளோடு சேர்ந்து, அந்த அரசைக் கவிழ்த்தார்கள்.' விழாவுக்கு உதவுறவையிலை தூதரகங்களும் இருக்கினம். 'நெருக்கடியில் அரசு கவிழ்ந்தது' எண்டு போட்டா ஆருக்கும் நோகாது. பொய்யும் இல்லைத்தானே?"

"எனக்கு நோகுமே" என்றார் சிஞ்ஞோரா. "எது நிரூபணமாகேல்லையோ, அதை நிரூபணமாகேல்லை எண்டு அடுத்த பக்கத்திலை நானே எழுதியிருக்கிறன். இந்த வசனத்துக்கு ஆதாரம் இருக்கு. உனக்கு நானே படிப்பிச்சனான்."

"ஓம், ஓம், உங்கட விருப்பம்" என்று எழுந்தார் இயக்குநர்.

விழா நாளன்று சிஞ்ஞோரா சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, தன் அம்மாவின் காதணியை அணிந்துகொண்டார். மண்டபத்துக் கூரையில் தேவதைகள் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு சிறு நூல். முன் வரிசையில் நல்ல உடுப்புப் போட்ட ஆட்கள். இயக்குநர் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா நூலைப் புரட்டினார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவர் விரல் நின்றது. என் பக்கம் திருப்பிக் காட்டினார். அரசு கவிழ்ந்திருந்தது. தானாக.

"வீட்டை போவமே?" என்று காதில் கேட்டேன்.

"ஏன்? என்னைத்தானே பேசக் கூப்பிட்டவை?"

என் தோளைப் பிடித்து எழுந்து மேடைக்குப் போனார். பதக்கத்தை நீட்டினார்கள். அதை மேசையில் வைக்கும்படி சைகை காட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கம். உங்கட கையிலை இருக்கிற புத்தகத்திலை ஒரு பிழை இருக்கு. கடைசிக்கு முதல் பக்கம். பேனை இருக்கிற ஆக்கள் எடுங்கோ. இல்லாத ஆக்கள் பக்கத்திலை வாங்குங்கோ. நான் நிக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பின் வரிசையில் மாணவர்கள் சிலர் பைகளைத் துழாவினார்கள். முன் வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டார். சிஞ்ஞோரா சரியான வசனத்தை, பாடசாலையில் சொல்வதெழுதுதல் சொல்வது போல, சொல் சொல்லாக ஆரம்பித்தார். "வெளிநாட்டு... தூதரக... அதிகாரிகள்..." சத்தம் அறுந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"மைக் நிண்டு போச்சு" என்றா முன் வரிசையில் ஒரு அம்மா.

சிஞ்ஞோரா மைக்கைத் தள்ளிவிட்டார். வருடக்கணக்கில் பெரிய வகுப்பறைகளில் கத்திய தொண்டை அது.

"நிண்டு போகேல்லை, சிஞ்ஞோரா. நிப்பாட்டினவை. ஆர் நிப்பாட்டினது?"

தலைகள் திரும்பின. பின்னால், ஒலிப்பெட்டிகளுக்கு நடுவில் இருந்த தாடி வைத்த மனிதர் மெல்ல எழுந்தார். நாற்பது வயதிருக்கும்.

"நான்தான், புரொஃபெசொரேஸா. எனக்குச் சைகை காட்டினவை."

யார் காட்டியது என்று அவர் பெயர் சொல்லவில்லை. எல்லாருடைய பார்வையும் இயக்குநரிடம் திரும்பியது. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. மேசை விரிப்பை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு எழுந்தார்.

"நான் சொன்னனான் நிப்பாட்டச் சொல்லி" என்றார். "வசனத்தை மாத்தினதும் நான்தான்."

சிஞ்ஞோரா அவரை உற்றுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லது" என்றார். "இப்ப நீ சொன்னது ரெண்டும் முழு வசனம்." பிறகு தாடிக்காரரைப் பார்த்து, "மைக்கைப் போடுங்கோ தம்பி. மிச்சத்தைச் சொல்ல வேணும்" என்றார்.

மைக் வந்தது. வசனத்தை முதலில் இருந்து சொன்னார். முன் வரிசையில் ஒரு பக்கம் எழுந்து போனது. மற்றவர்கள் குனிந்து எழுதினார்கள். தேவதைகளுக்குக் கீழே பேனைகள் தாளில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. பதக்கம் மேசையிலேயே கிடந்தது. எங்களைக் கொண்டு போய் விடுவதாகச் சொன்ன காரும் வரவில்லை. ஸ்டேசனுக்கு மெல்ல நடந்து போனோம். ரயிலில் அவர் கோட்டைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அறை போயிட்டுது" என்றேன்.

"போகேல்லை" என்றார். "நான் விட்டிட்டன்."

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கடல் தெரிகிற இடம் வந்தபோதும் அவர் கண்கள் கடலில் இல்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பகேரியா வரும் வரைக்கும் அவர் அதை எடுக்கவில்லை.

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். புத்தகங்களைப் பகேரியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைத்திருந்தார். அவர்கள் மகிழ்ச்சியோடு வந்து எடுத்துப் போனார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சின்னச் செய்தி வந்திருந்தது. பிறந்த ஊர், படிப்பித்த இடம், புத்தகங்களின் எண்ணிக்கை. கடைசியில் ஒரு வரி: 'இறுதிக் காலத்தில் சர்ச்சைகளில் சிக்கினார்.'

சிஞ்ஞோராவின் வீட்டை ஒதுக்கிவிட்டுத் திரும்பும்போது, பகேரியா ஸ்டேசன் நடைமேடையில் நின்றே பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தேன். அதை எழுதியவரோடு கதைக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண் குரல் வந்தது.

"சிஞ்ஞோரா ஒரு சர்ச்சையிலும் சிக்கேல்லை" என்றேன். "அவ எழுதின வசனத்தை, விருது குடுத்த நிறுவனத்தின்ர இயக்குநர் மாத்தினவர். அவ அதைச் சபையிலை திருத்தினவ. மாத்தின ஆள் அங்கேயே ஒத்துக்கொண்டவர். நான் பக்கத்திலை நிண்டனான்."

"நீங்கள் குடும்பமோ?"

"இல்லை."

"பல்கலைக்கழகமோ?"

"இல்லை. வீட்டிலை அவவோடை இருந்தனான்."

 குரல் தன்மையாகத்தான் இருந்தது. "சரி சிஞ்ஞோரா, நாளைக்கு ஒரு திருத்தம் போடலாம். 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன' எண்டு போடுறன். உங்களுக்கும் பிரச்சினை இல்லை."

"வட்டாரம் இல்லை" என்றேன். "நான்."

பிறகு என் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். பலெர்மோ போகிற ரயில் இரைந்துகொண்டு வந்து நின்றது, கதவு திறந்தது, ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் ஏறவில்லை. காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, என்னுடைய நீளமான பெயரையும் அப்பாவுடைய பெயரையும், அவர் எழுதி முடிக்கும் வரைக்கும், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.